ஆமி எந்தச் சட்டத்தின் கீழ் தெருவில் நிற்கிறது? மாதாமாதம் வரும் ஒரு வர்த்தமானி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினால் நம்மில் பெரும்பாலானோர் யோசிக்காமல் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து நீட்டிவிடுவோம். நீட்டுகிற கைக்கு வருடக்கணக்கான பழக்கம். "இவர் இங்கே எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறார்?" என்ற கேள்வி மனதில் வருவதே இல்லை. வந்தாலும் வாய்விட்டுக் கேட்பதற்கு அது உகந்த நேரமும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளச் சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். நாட்டுக்குள்ளே சட்டம் ஒழுங்கைப் பார்ப்பது பொலிஸின் வேலை. பொலிஸுக்குச் சந்தேகநபரைப் பிடித்து, வாக்குமூலம் எடுத்து, நீதவான் முன் நிறுத்தப் பயிற்சி இருக்கிறது. இராணுவத்தின் பயிற்சி எதிரியைத் தோற்கடிப்பதற்கானது. எதிரிக்கு வாக்குமூலமும் இல்லை, பிணையும் இல்லை. அதனால்தான் சட்ட ஆட்சி இருக்கிற நாடுகள் இந்த இரண்டு வேலைகளையும் கலக்கவிடாமல் பார்க்கின்றன. விசேட அதிகாரம் எதுவும் கொடுக்கப்படாத சிப்பாய், கைது செய்யும் விஷயத்தில் உங்களையும் என்னையும் போன்ற ஒருவர்தான். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, கண்ணெதிரே பாரதூரமான குற்றம் செய்பவரை எந்தக் குடிமகனும் பிடித்துப் பொலிஸில் ஒப்படைக்கலாம். அதிகாரம் இல்லாத சிப்பாயும் அவ்வளவுதான் செய்யலாம்.

இங்கே பலருக்கும் வரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். விசேட அதிரடிப்படை, அதாவது எஸ்.ரி.எப்., இராணுவம் இல்லை. உடையும் ஆயுதமும் எப்படி இருந்தாலும் அது பொலிஸின் ஒரு பிரிவு. கீழே சொல்லப்போகிற வரம்புகள் முப்படைக்கு உரியவை.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தடைச் சட்டம் இருக்கிறது. 1878இல் வந்த 'பொஸ்ஸே கொமிற்றாற்றஸ்' சட்டம், அரசியலமைப்போ காங்கிரஸோ வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய இராணுவத்தைக் கொண்டு சட்டத்தை அமுல்படுத்துவது குற்றம் என்கிறது. அதற்குப் பெரிய விதிவிலக்கு 1807ஆம் ஆண்டின் கிளர்ச்சிச் சட்டம். 1992இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலவரத்துக்குப் படை போனது அந்த விதிவிலக்கின் கீழ்தான். 2025இல் அதே நகருக்கு ஜனாதிபதி ட்ரம்ப் படை அனுப்பியபோது, 1878ஆம் ஆண்டுச் சட்டம் மீறப்பட்டது என்று ஒரு சமஷ்டி நீதிபதி தீர்ப்பளித்தார்.

நம்மிடம் அப்படியொரு தடைச் சட்டம் கிடையாது. இலங்கைச் சட்டம் 'வராதே' என்று தொடங்குவதில்லை. 'வரலாம், ஆனால் இன்னார் கூப்பிட்டால், இவ்வளவு காலத்துக்கு' என்று தொடங்குகிறது. ஆகவே இங்கே வரம்பு என்பது யார் கூப்பிட்டார், எந்த இடத்துக்கு, எவ்வளவு நாளுக்கு என்பதில் அடங்கியிருக்கிறது. கூப்பிடுவதற்கு மூன்று வழிகள்.

முதலாவது, நான் மேலே சொன்ன சட்டக்கோவையிலேயே இருக்கிறது. சட்டவிரோதமாகக் கூடிய கூட்டம் ஒன்று பொலிஸ் சொல்லியும் கலையவில்லை, வேறு வழியும் இல்லை என்றால், நீதவானோ மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபரோ பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியோ இராணுவத்தின் உதவியைக் கேட்கலாம். கேட்பவர் சிவில் அதிகாரி என்பது முக்கியம். இவர்களில் எவரையும் தொடர்புகொள்ளவே முடியாத நெருக்கடியில் மட்டும் இராணுவ அதிகாரி தானாக இறங்கலாம். தொடர்பு கிடைத்த நிமிடத்திலிருந்து அவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும். எப்படி வந்தாலும், கூட்டத்தைக் கலைக்க எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவுதான். இது ஒரு சம்பவத்துக்கான அனுமதி. கூட்டம் கலைந்தால் அனுமதியும் முடிந்தது.

2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில் குடிநீர் மாசடைகிறது என்று வீதிக்கு இறங்கிய மக்கள்மீது இராணுவம் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். குடிதண்ணீர் கேட்ட கூட்டத்துக்கு முன்னால் போர் ஆயுதம் எப்படி வந்தது, யார் கூப்பிட்டார்கள், சுடும் உத்தரவு யாருடையது என்ற கேள்விகள் அப்போது கொழும்பிலும் எழுந்தன. வடக்கு கிழக்கில் வருடக்கணக்காகக் கேட்கப்பட்டவைதான் அவை. தெற்கில் பலர் அவற்றை முதன்முறையாகக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழி எல்லோருக்கும் தெரிந்த அவசரகாலச் சட்டம். இதன் தாய்ச்சட்டம் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கம். அது பிறந்த கதையைத் தமிழ் வாசகர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த வருடம் ஜூன் மாதம் கொழும்பில் பொது வேலைநிறுத்தம். ஊர்வலத்தின்மீது பொலிஸ் சுட்டதில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் இறந்தார். அதே மாதம், வெள்ளைக்காரன் போவதற்கு எட்டு மாதம் இருக்கையில், இந்தச் சட்டம் நிறைவேறியது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த அரசாங்கங்கள் பலவும், எதிர்க்கட்சியில் இருந்தபோது அதைத் திட்டியவர்களின் அரசாங்கங்கள் உட்பட, அதைப் பயன்படுத்தியிருக்கின்றன.

ஜனாதிபதி அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தால் சாதாரண சட்டங்களை மேவும் விதிகளை ஆக்கலாம். அரசியலமைப்பை மட்டும் மேவ முடியாது. பிரகடனத்தைப் பாராளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். பதினான்கு நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது செத்துப்போகும். அங்கீகரித்தாலும் ஒரு மாதம்தான், பிறகு திரும்பவும் போக வேண்டும். முன்பு இன்னொரு கடிவாளமும் இருந்தது: தொண்ணூறு நாளைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று. 1986இல் பத்தாவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதனால் 1983இலிருந்து 2011 வரை, சில இடைவெளிகள் தவிர, நாடு அவசரகாலத்திலேயே ஓடியது. ஒரு தலைமுறை அவசரகாலத்தில் பிறந்து, படித்து, கலியாணமும் செய்துகொண்டது.

அவசரகாலம் என்றால் இராணுவ ஆட்சி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியில்லை. நீதிமன்றங்கள் இயங்கும், பாராளுமன்றம் கூடும். இராணுவச் சட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க 1915க்குப் போக வேண்டும். முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தை அடக்க ஆளுநர் சாமர்ஸ் அதைக் கொண்டுவந்தபோது, கொழும்பில் ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கொடுமைக்கு எதிராகச் சட்டசபையில் உரத்துப் பேசியவர் பொன்னம்பலம் இராமநாதன். தாக்கப்பட்ட முஸ்லிம்களின் பக்கத்தை அவர் பேசவில்லை என்ற மனக்குறை இன்றும் உண்டு. அது தனிக் கதை.

இனி மூன்றாவது வழி. இந்தக் கட்டுரையை எழுதவே இதுதான் காரணம்.

அதே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பாகத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அவசரகாலம் எதுவும் பிரகடனம் செய்யாமலே, ஒரு பகுதியின் பாதுகாப்புக்கு ஆபத்து, பொலிஸ் போதாது என்று ஜனாதிபதி கருதினால், வர்த்தமானியில், அதாவது அரச அறிவித்தல் இதழில், ஓர் உத்தரவு போட்டு முப்படையை அழைக்கலாம். அழைக்கப்பட்டவர்களுக்குத் தேடுதல், கைது உட்படப் பொலிஸின் அதிகாரங்கள் பல கிடைக்கும். குற்றத்தைப் புலனாய்வு செய்யும் அதிகாரம் மட்டும் கிடையாது. பிடித்தவரைப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். உத்தரவின் ஆயுள் ஒரு மாதம். அந்த வர்த்தமானியைப் பார்த்தால் மிரட்டும்படி ஒன்றுமே இராது. சட்ட வாசகம், கையொப்பம், கீழே ஓர் அட்டவணை. அட்டவணையில் கொழும்பு, கம்பஹா, களுத்துறை என்று தொடங்கி மாவட்டங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசியில் ஆள்புலக் கடலும் சேரும். 'ஒரு பகுதி' என்று சட்டம் சொன்னது எப்படி முழு நாடாகிறது என்பதை அந்த அட்டவணையில் பார்க்கலாம்.

ஒரு மாதம் என்ற வரம்பு நடைமுறையில் என்ன ஆனது? 2011 ஓகஸ்டில் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. உலகம் பாராட்டியது. ஆனால் அதே மாதம் 12ஆம் பிரிவின் கீழ் முப்படை அழைக்கப்பட்டு, பிறகு மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு கொண்டுவந்த அவசரகாலம் ஓகஸ்டில் காலாவதியானபோது ஜனாதிபதி சிறிசேன மீண்டும் அதே பிரிவைக் கையில் எடுத்தார். கோட்டாபய ராஜபக்ஷ வந்தார், தொடர்ந்தது. ரணில் விக்கிரமசிங்க வந்தார், தொடர்ந்தது. முறைமையை மாற்றுவோம் என்று வந்த அநுர குமார திசாநாயக்க பதவியேற்ற பிறகும் அந்த வர்த்தமானி வந்தது. அவசரகாலம் என்றால் பத்திரிகையில் முதற்பக்கம், பாராளுமன்றத்தில் விவாதம், வாக்கெடுப்பு, தூதரகங்களின் கவலை. 12ஆம் பிரிவுக்கு இது எதுவும் தேவையில்லை. பாராளுமன்றத்துக்கு அறிவித்தால் போதும், அங்கீகாரம் வேண்டியதில்லை. சிப்பாயை வீதியில் நிறுத்தும் அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. இந்தச் சட்டத்தில் திருத்த வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

சரி, காகிதத்தில் இத்தனை வரம்புகள் இருக்க, மக்கள் ஏன் நம்புவதில்லை?

கொழும்புத் தமிழருக்கு அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1983 ஜூலைக் கலவரத்தின்போது நாட்டில் அவசரகாலம் ஏற்கெனவே அமுலில் இருந்தது, மே மாதத்திலிருந்தே. ஜூன் 3ஆம் திகதி 15ஏ என்ற விதி வந்திருந்தது: மரண விசாரணை இல்லாமலே சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ அது இடம் கொடுத்தது. அவ்வளவு அதிகாரம் கையில். ஆனால் வாக்காளர் இடாப்போடு கூட்டம் வீடு வீடாக வந்தபோது ஊரடங்கு தாமதமாகத்தான் வந்தது. பல இடங்களில் படையினரும் பொலிஸாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆகவே நம் அவநம்பிக்கைக்கு இரண்டு முகம் உண்டு. ஆமி வந்தால் பயம். வர வேண்டிய நேரத்தில் வராது என்ற பயம் இன்னொன்று.

2011க்குத் திரும்புவோம். அதே ஓகஸ்ட் மாதம், கிறீஸ் பூதம் நினைவிருக்கிறதா? பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஒருவன் இரவில் வருகிறான், பெண்களைத் தாக்குகிறான், துரத்தினால் மாயமாகிறான். மலையகத்திலும் கிழக்கிலும் புத்தளத்திலும் பரவி யாழ்ப்பாணம் வரை போனது. ஓடியவன் முகாம் பக்கம்தான் போனான் என்று ஊர்கள் சொல்லின. சனம் முகாம்களைச் சூழ்ந்தது, பொலிஸோடு மோதியது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஓர் இரவு மர்ம மனிதனைத் துரத்திய மக்களுக்கும் இராணுவத்துக்கும் தகராறு வர, நள்ளிரவில் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களை அடித்து இழுத்துப்போனார்கள். நூறு பேரளவில் பிடிபட்டார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பூதம் இருந்ததா? நான் நம்பவில்லை. ஆனால் நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லவும் மாட்டேன். அவசரகாலம் போனால் ஆமியும் போக வேண்டியதுதானே, போகாமல் இருக்கத்தான் இந்தப் பூதத்தைக் கிளப்புகிறார்கள் என்று அன்று பலர் பேசினார்கள். அதற்கு ஆதாரம் இருந்ததில்லை. இருந்தது அனுபவம்.

அனுபவம் இல்லாமலும் இந்தப் பயம் வரும். 2015இல் அமெரிக்க இராணுவம் 'ஜேட் ஹெல்ம்' என்று பெயரிட்டு டெக்சாஸிலும் அண்டை மாநிலங்களிலும் ஒரு கோடைகாலப் பயிற்சி நடத்தியது. ஒபாமா டெக்சாஸைப் பிடிக்கப்போகிறார், மூடிக்கிடக்கும் வோல்மார்ட் கடைகளெல்லாம் தடுப்பு முகாமாகப்போகின்றன என்று வதந்தி பரவியது. மாநில ஆளுநர் கிரெக் அபொட், பயிற்சியைக் கண்காணிக்கும்படி மாநிலக் காவல்படைக்கு உத்தரவே போட்டார். செப்டெம்பரில் பயிற்சி முடிந்தது, படை வீட்டுக்குப் போனது. யாரும் யாரையும் அடைக்கவில்லை. 1878ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் அந்த மக்களை ஆறுதல்படுத்தவில்லை. நம் ஊரில் ஒரு வித்தியாசம்: நாவாந்துறைக்காரர் பயந்தது முன்பு ஒருபோதும் நடக்காத ஒன்றைப் பற்றி இல்லை.

போர் முடிந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. நகர அபிவிருத்தி பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. கொழும்பில் நடைபாதை போட்டது, கட்டடம் புதுப்பித்தது, மலிவு விலையில் மரக்கறி விற்றது என்று எல்லாவற்றிலும் சீருடை. கொம்பனித்தெருவில் வீடுகளை இடிக்கும்போதும் சீருடை. 2020இல் கொவிட் தடுப்புச் செயலணிக்குத் தலைமை தாங்கியதும் இராணுவத் தளபதிதான். நான் மேலே சொன்ன மூன்று வழிகளில் எதுவும் இந்தப் பழக்கத்தைத் தொடுவதில்லை. கைதையும் பலப்பிரயோகத்தையும் பற்றித்தான் சட்டம் பேசுகிறது. மரக்கறி விற்பதைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் இல்லை.

நீதிமன்றம் என்ன செய்தது? சில தடவை தாமதமில்லாமலே செய்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, மூட்டைகட்ட அரை மணி நேரம்கூடச் சரியாகக் கொடுக்காமல் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 370க்கு மேற்பட்டவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

2022 இன்னும் தெளிவான பாடம். ஜூலை 8ஆம் திகதி இரவு, மறுநாள் ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராகப் பெரும் போராட்டம் என்று தெரிந்து, மேல் மாகாணத்தில் 'பொலிஸ் ஊரடங்கு' அறிவித்தார்கள். அப்படியொன்று சட்டத்தில் இல்லை என்று சட்டத்தரணிகள் சங்கம் சொன்னது. ஊரடங்கு போட வேண்டுமானால் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி ஜனாதிபதியின் உத்தரவு வேண்டும்; பொலிஸ் மாஅதிபர் நினைத்தால் போட முடியாது. காலையில் எடுத்துவிட்டார்கள். அடுத்து நடந்தது தெரியும்: ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தது, கோட்டாபயவின் வெளியேற்றம், பதில் ஜனாதிபதியாக ரணில். ஜூலை 17ஆம் திகதி அவர் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தார். 22ஆம் திகதி அதிகாலை இருட்டில் இராணுவமும் பொலிஸும் காலி முகத்திடலில் போராட்டக்காரர் கூடாரம் போட்டிருந்த கோட்டாகோகமவுக்குள் இறங்கின. அன்று பிற்பகல் ஒரு பகுதியை ஒப்படைப்பதாகப் போராட்டக்காரர் ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். அதற்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பிரகடனத்தை எதிர்த்துப் போட்ட வழக்குகளில் 2025 ஜூலை 23ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது: பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது. அப்போதைய பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோவும் நீதியரசர் யசந்த கோதாகொடவும் ஒருபக்கம், நீதியரசர் அர்ஜுன ஒபேசேகர மாறுபட்டார். அவசரகாலப் பிரகடனத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்தக்கூடாது என்று 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கில் அந்த வாசகம் சுவராக நிற்காது என்பது இதன் பெரிய பயன். தீர்ப்பு வர மூன்று வருடம் ஆனது. கூடாரங்கள் மூன்று வருடம் காத்திருக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். சிப்பாய் நிறுத்தினால் சோதிக்கலாமா? உங்கள் மாவட்டத்துக்கு 12ஆம் பிரிவு வர்த்தமானி நடப்பில் இருந்தாலோ, அவசரகால விதி அதற்கு இடம் கொடுத்தாலோ, சோதிக்கலாம். வீதியில் வைத்து வாதாட வேண்டாம். எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், எத்தனை மணி என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வர்த்தமானி இருந்ததா என்று பிறகு அரச அச்சகத்தின் இணையத்தளத்தில் தேடலாம், தமிழிலும் கிடைக்கும். ஒருவரைக் கொண்டுபோனால் எந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்போகிறார்கள் என்று கேட்பதுதான் வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சித்திரவதைக்கு எந்த வர்த்தமானியும், எந்த அவசரகாலமும் அனுமதி தராது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை எதற்காகவும் மட்டுப்படுத்த முடியாத உரிமை.

உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். பலர் இந்த ஒரு மாதத்தைப் பயத்திலும் அலைச்சலிலும் தொலைத்துவிடுகிறார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொடுத்ததற்கான பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வர வேண்டாம்.